எனக்கு மிஞ்சியிருந்த ஒரு சொல்

இதை எழுதி முடிக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. ஒரு நாளைக்கு நாலு வரி, அவ்வளவுதான். வலது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். ஒரு சொல் அகப்படாமல் நாள் முழுக்க வரியைப் பாதியில் விட்டுவைத்து, மறுநாள் பல் விளக்கும்போது அது தானாக வந்து நின்றதும் உண்டு. இத்தனை பாடுபட்டு எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். எங்கள் போடியில் இப்போது இன்னும் இரண்டு பேர் என்னைப் போலவே வாயடைத்துக் கிடக்கிறார்கள். அவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். பேதலிக்கவில்லை, உள்ளே ஆள் முழிப்பாகத்தான் இருக்கிறான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் பெயர் சுந்தரம். ஏலக்காய்த் தரகன். மலையில் விளைவிக்கிறவருக்கும் கீழே கடைவீதியில் வாங்குகிறவருக்கும் நடுவில் நிற்கிற ஆள். எங்கள் தொழிலில் காகிதமெல்லாம் பிறகுதான். விலை படிந்ததும் தரகன் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்வான். அதற்குப் பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் யாரும் பின்வாங்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன சரியை ஒரு தடவைகூட மாற்றியதில்லை. "சுந்தரம் சரின்னுட்டானா? அப்ப மூட்டையக் கட்டு" என்று கடைவீதியில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மனைவி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் கஸ்தூரி. அவளுக்குத் தலை வாரிவிட்டு, காய்ச்சலுக்குக் கஷாயம் காய்ச்சி, வயதுக்கு வந்தபோது சடங்கு செய்து ஆளாக்கியது அடுத்த தெருவிலிருக்கிற என் அக்கா சிவகாமி. நான் பாதி நாள் மலையிலும் மீதி நாள் கடைவீதியிலும் கிடந்தவன். எட்டாவது முடித்து வீட்டிலிருந்த கஸ்தூரி, அந்த ஐப்பசியில் என்னிடம் வந்தாள். வருகிற ஜூனில் மதுரைக்குப் போய் டீச்சர் டிரெயினிங் படிக்க வேண்டும், எட்டாவது முடித்தவர்களையே சேர்த்துக்கொள்கிறார்களாம் என்றாள். நான் யோசித்துவிட்டு "சரி" என்றேன்.

"கடைவீதிச் சரியாப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"கடைவீதிச் சரிதான் ஆத்தா" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த மாதம், கார்த்திகையில், குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்துக்குக் காய் பார்க்கப் போயிருந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் நின்று, ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டு போனேன். காயெல்லாம் கீழே கொட்டிவிட்டது. கை என்னுடையதாகவே இல்லை. பக்கத்தில் நின்ற கங்காணி, "என்னண்ணே, காய் நல்லாயில்லையா?" என்று கேட்டான். கை மரத்துப்போச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரி" என்று வந்தது.

"என்ன சரி?"

"சரி."

அவன் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான். பிறகுதான் என் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறான். அவன் போட்ட கூச்சலில் காய் பறித்துக்கொண்டிருந்த ஆட்களெல்லாம் ஓடிவந்தார்கள். கம்பளியில் என்னைக் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வழியில் ஒரு அட்டை என் கழுத்தில் ஏறிக் கடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. என்னைத் தூக்கிப் போனவர்கள் எட்டுப் பேர், எல்லாரும் எனக்குப் பழக்கமானவர்கள். ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. குரங்கணி வந்து சேரும்வரை அது குடித்துக்கொண்டே வந்தது. என் நோயை யாராவது விசாரித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த அட்டைதான்.

குரங்கணியிலிருந்து லாரி, போடியிலிருந்து மறுநாள் ரயில். மதுரையில் மிஷன்காரர்கள் நடத்திய ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா கூடவே வந்தாள். கஸ்தூரியை அக்கா வீட்டில் மச்சான் பொறுப்பில் விட்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார்கள், கண்ணில் விளக்கடித்தார்கள், உள்ளங்காலைக் கீறினார்கள். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். கசியவில்லை என்று தெரிந்ததும் டாக்டர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய் ஒண்ணு அடைச்சிருக்கும்மா. இடது பக்கம். வலது கை, காலை நடத்துறதும் அந்தப் பக்கந்தான், பேச்சு இருக்கிறதும் அந்தப் பக்கந்தான்."

"நாக்குல தடவ மருந்து ஏதும் இல்லீங்களா?"

"நாக்கு நல்லாத்தான் இருக்கு. நெனச்ச வார்த்தையை நாக்குக்குக் கொண்டு சேக்கிற வழிதான் கெட்டுப்போச்சு. கொஞ்சம் கொஞ்சமா வரும். எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியாது."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. பிறர் பேச்சு மெதுவாக வந்தால் பெரும்பாலும் விளங்கும், இரண்டு மூன்று பேர் ஒன்றாகப் பேசினால் இரைச்சலாகிவிடும். என் பக்கத்திலிருந்து போவதற்குத்தான் ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் "சரி". வலிக்கிறது என்றாலும் "சரி". கோபத்தில் திட்ட வேண்டுமென்றாலும் "சரி"தான், கொஞ்சம் சத்தமாக. தலையை ஆட்டிக் காட்டியிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். தலையும் வாயோடு சேர்ந்துகொண்டது. இல்லையென்று அசைக்க நினைத்தால் ஆமாமென்று அசைந்தது. சிலேட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். என் பெயரின் முதல் எழுத்து எப்படி இருக்கும் என்பதே மறந்திருந்தது. இருபது கட்டில்கள் போட்ட வார்டில், ஓயாமல் பேச்சு நடக்கிற இடத்தில், நான் மட்டும் தனியாக ஒரு தீவில் கிடந்தேன். ஆரம்பத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னிடம் வந்து பேசினார்கள். எதற்கும் ஒரே பதில் வந்தால் யார்தான் பேசுவார்கள்? பத்து நாளில் நிறுத்திவிட்டார்கள்.

அக்கா மட்டும் நிறுத்தவில்லை. தினமும் என் வலது கையை நல்லெண்ணெய் போட்டு விரல் விரலாக உருவிவிடுவாள். கஞ்சியை ஊதி ஊதி வாயின் நல்ல பக்கமாக ஊட்டுவாள். ஊட்டிக்கொண்டே ஊர்க் கதையெல்லாம் சொல்வாள். தன் முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு தரையில் பாய் போட்டுக் கிடந்தாள். என் அம்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டாள். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனிச் சொல்லப்போகிறதில் அக்காவைத் தவறாக நினைத்துவிடக் கூடாது.

அந்த ஆஸ்பத்திரியில் கிரேஸ் டீச்சர் என்று ஒருவர் இருந்தார். பிறக்கும்போதே மேலண்ணம் பிளந்திருக்கிற பிள்ளைகளுக்கு அங்கே ஆபரேஷன் செய்து தைப்பார்கள். தைத்துவிட்டால் மட்டும் பேச்சு வந்துவிடாது. அந்தப் பிள்ளைகளுக்குப் பேசப் பழக்குவதுதான் டீச்சரின் வேலை. முன்பு பள்ளிக்கூடத்தில் இருந்தவர், ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் இந்தப் பயிற்சியைக் கற்றுக்கொண்டாராம். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு நாள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"உங்க பேரு சுந்தரமாங்கய்யா?"

"சரி."

"உங்க பேரு கோவிந்தனா?"

"சரி."

"போன மாசம் கப்பலேறி சீமைக்குப் போயிட்டு வந்தீங்களா?"

"சரி."

அடுத்த கட்டில்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. துணி துவைத்துவிட்டு வந்த அக்காவிடம், "இவர் சொல்ற சரியை சம்மதம்னு எடுத்துக்காதீங்கம்மா. வாயில மிஞ்சி நிக்கிறது அந்த ஒரு வார்த்தைதான். இவரை என் வகுப்புக்கு அனுப்பி வைங்களேன், வராந்தாவுலதான் நடக்குது. பெரியவங்களை நான் பழக்கினதில்ல. சேந்து கத்துக்கிடுவோம்" என்றார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டீச்சரம்மா, எந்தம்பி சரி எப்பேர்ப்பட்டதுன்னு போடி கடைவீதியில போயிக் கேளுங்க" என்றாள். நானும் வகுப்புக்குப் போகவில்லை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ சொல்ல என் கர்வம் விடவில்லை.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் கையை உருவிவிட்டுக்கொண்டே அக்கா பேச்சை எடுத்தாள்.

"அப்பு, உனக்கு இப்படி ஆகிப்போச்சு. நாளைக்கு என்ன ஆகுமோ யாரு கண்டா? கஸ்தூரிய நம்ம முருகேசனுக்கே முடிச்சிருவமா? முறைப் பையந்தான். நாந்தான் அவள வளத்தேன், நானே கடைசிவரைக்கும் வச்சுக்கிறேன். என்னடா சொல்ற?"

முருகேசன் அக்கா மகன். கம்பத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். குணம் கெட்டவன் இல்லை. ஆனால் நான் கஸ்தூரியிடம் வேறொரு வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் படிக்கட்டும், மூணு வருஷம் போகட்டும் என்று அக்காவிடம் சொல்ல வேண்டும். உள்ளே அந்தப் பேச்சு முழுசாக, அழகாக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"சரி."

அக்கா அப்படியே என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நான் படபடத்து "சரி, சரி, சரி" என்று கத்தினேன். சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்தாள். அன்றைக்கே போடிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டாள். தையில் பரிசம் என்று மச்சான் நாள் குறித்துவிட்டார். கடைவீதியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சுந்தரம் சரி சொல்லிவிட்டானாம், முடிந்தது.

பத்து நாள் கழித்துக் கஸ்தூரி மச்சானோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மதுரைக்குக் கொண்டுவந்த பிறகு என்னை அன்றுதான் பார்க்கிறாள். வாய் கோணிக் கிடக்கிறவனைப் பார்த்து முதலில் தேம்பினாள். பிறகு அக்காவும் மச்சானும் டாக்டரைப் பார்க்க எழுந்து போனதும் குனிந்து கேட்டாள்.

"அத்தை சொல்றது நெசமாப்பா? நீங்களா சரின்னு சொன்னீங்க?"

என் பலத்தையெல்லாம் திரட்டி நாக்கை இழுத்துப் பிடித்தேன். வரக்கூடாது, அது வரக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். பல்லிடுக்கில் அதுதான் வந்தது.

"சரி."

அவள் நிமிர்ந்தாள். "கடைவீதிச் சரியா?" என்று கேட்டாள், இந்தத் தடவை சிரிக்காமல். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். தலை தானாக ஆமாம் என்று அசைந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் சாப்பிடாமல் வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்து, கொட்டையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு சுளையாக எனக்கு ஊட்டினாள். சாயங்கால ரயிலுக்கு மச்சானோடு போய்விட்டாள். என்னை விட்டு எல்லாரும் போய்விட்டார்கள் என்று அன்றுதான் தோன்றியது, அக்கா பக்கத்திலேயே இருந்தும்கூட.

மறுநாள் காலையில் நானே சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து வராந்தாவுக்குப் போனேன். ஆறு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். கிரேஸ் டீச்சர் எனக்கும் ஒரு கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பிள்ளைகளில் தேவாரத்துப் பெண் ஒருத்தி, சின்னத்தாயி, எட்டு வயது. அண்ணம் பிளந்திருந்ததால் அவள் பேச்சுக் காற்றெல்லாம் மூக்கு வழியாகப் போய்ப் பழகியிருந்தது. அவள் பேசுவது அவள் அம்மாவுக்கு மட்டும்தான் விளங்கும். ப என்றால் ம என்று கேட்கும், பழம் என்பது மழம் ஆகிவிடும். டீச்சர் அவள் மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் பிடிப்பார். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கில் கசிகிறது என்று அர்த்தம். உள்ளங்கையில் பஞ்சை வைத்து வாயால் ஊதச் சொல்வார். பஞ்சு பறந்தால் கை தட்டுவார். ஆபரேஷன் கதவு வைத்துக் கொடுக்கிறது, அந்தக் கதவைச் சாத்தப் பழக்குவதுதான் என் சோலி என்று அவள் அம்மாவுக்கு விளக்குவார். நாள் முழுக்கப் பஞ்சு ஊதுகிற அந்தப் பிள்ளையைப் பார்த்தபோது, என் வெட்கத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

எனக்கு என்ன செய்வதென்று டீச்சருக்கு முதல் வாரம் தெரியவில்லை. படம் காட்டினார், "சரி". பொருளைக் காட்டினார், "சரி". ஒரு நாள் அலுத்துப்போய், "எண்ணுங்கய்யா பாப்போம்" என்று என் இடது கையைப் பிடித்துத் தொடையில் தட்டினார். ஒன்று, இரண்டு என்று தானே தொடங்கியும் வைத்தார். என் வாய் அதைத் தள்ளிவிட்டு வேறொன்றைச் சொன்னது.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..."

இருபதுவரை நிற்காமல் ஓடியது. ஒரு மாதத்துக்கு மேல் ஒற்றைச் சொல்லோடு கிடந்தவன் நான். டீச்சர் முகம் வாடிவிட்டது. "முதல் எண்ணு மட்டும் தப்பா வருதே" என்றார். சின்னத்தாயியின் அம்மாதான் சிரித்தாள்.

"தப்பில்லீங்க டீச்சரம்மா. மண்டியில நெல்லு அளக்கறவுக ஒண்ணுன்னு சொல்ல மாட்டாக. மொதப் படிக்கு லாபம்னுதான் சொல்லுவாக. இந்த அண்ணே சின்ன வயசுல அளந்திருப்பாரு."

அளந்தவன்தான். பத்து வயதிலிருந்து தானிய மண்டியில் படி பிடித்தவன். டீச்சர் எழுந்து நின்று கை தட்டினார்.

"பேச்சுல ரெண்டு தினுசு இருக்குங்கய்யா" என்று பிறகு எனக்கு விளக்கினார். "ஒண்ணு, உருட்டிவிட்டா தானா ஓடுறது. எண்ணிக்கை, கிழமை, சாமி பாட்டு, கோவத்துல திட்டுறது எல்லாம் அந்தச் சேத்தி. இன்னொண்ணு, நாமளா தேடி எடுத்துச் சொல்றது. உங்களுக்குத் தேடுற வழிதான் அடைச்சிருக்கு. ஓடுறதைப் பிடிச்சுக்கிட்டே அந்தப் பக்கமா போயிப் பாப்போம்."

அப்படித்தான் போனோம். ஏழு என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் லாபத்திலிருந்து ஓடி வந்து ஏழில் நிற்க வேண்டும். நிற்பதுதான் கஷ்டம், வாய் எட்டுக்கு ஓடிவிடும். பிறகு நாலிலிருந்து தொடங்கினோம், பிறகு ஆறிலிருந்து. கடைசியில் ஏழு தனியாக வந்தது. அன்றைக்கு எனக்கு வேர்த்து ஊற்றியது. கிழமைகளையும் அப்படியே பிடித்தோம். "காலையில குடிக்கிறது..." என்று டீச்சர் இழுத்து நிறுத்துவார், நான் கண்ணாடியில் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே "கா... காப்பி" என்பேன். பத்து நிமிஷம் பழக்கம், கால் மணி ஓய்வு. களைத்துவிட்டால் மறுபடி எல்லாம் "சரி" ஆகிவிடும். அக்கா தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

சின்னத்தாயிக்கு என் எண்ணிக்கை பிடித்துவிட்டது. கூடவே எண்ணுவாள். அவள் வாயில் லாபம் "லாமம்" என்றுதான் வரும். டீச்சர் அவள் மூக்கைப் பிடித்துவிட்டு, "இப்பச் சொல்லு" என்பார்.

எனக்கு வேண்டியிருந்த சொல் டீச்சருக்குத் தெரியாது. அது சின்னத்தாயியிடமிருந்துதான் வந்தது. தினமும் பத்து மணிக்கு ஒரு நர்சம்மா பிள்ளைகளுக்கு மீன் எண்ணெய் ஊற்ற வருவார். கரண்டியைக் கண்டதும் சின்னத்தாயி வராந்தா அதிர, "வேணாம்! வேணாம்!" என்று கத்துவாள். மூக்கில் ஒலிக்கிற எழுத்துகள் அவளுக்குச் சுலபம், அதனால் அவள் பேச்சிலேயே தெளிவாக வருகிற வார்த்தை அதுதான். நான் அந்த வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உலகத்தில் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். மறுநாளிலிருந்து அவள் கத்தும்போது நானும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தேன். நாலாம் நாள் அவளோடு சேர்ந்து எனக்கும் வந்துவிட்டது.

"வேணாம்!"

கரண்டியோடு நர்சம்மா திகைத்து, "உங்களுக்கு யாரு குடுத்தா?" என்றார். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். "ஏதோ ஒண்ணு வேணாம்னு சொல்லணும் உங்களுக்கு, இல்லைங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்கு "சரி" என்றேன். அந்தத் தடவை அவர் அதை நம்பினார்.

மீன் எண்ணெய் வரும் நேரத்தில் மட்டும் வந்த அந்தச் சொல்லை மற்ற நேரத்துக்கும் இழுத்து வரப் பதினெட்டு நாள் ஆனது. முதலில் தொடையில் தட்டி எண்ண வேண்டும், மூணு என்றதும் மூச்சை இழுத்து அதைச் சொல்ல வேண்டும். பத்துத் தடவையில் ஆறு தடவை வரும், நாலு தடவை "சரி" குறுக்கே விழும். பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். விடைபெறும்போது சின்னத்தாயி என் முன்னால் நின்று, மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு, "லாபம்" என்றாள். பிறகு விரலை எடுத்துவிட்டும் ஒரு தடவை சொன்னாள். ப கொஞ்சம் சிதறினாலும் ப தான்.

வீடு வந்து ஆறாம் நாள் பரிசம். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, வெற்றிலை, தேங்காய், பழம், பூ, பட்டுச்சேலை எல்லாம் தட்டில் பரப்பியிருந்தார்கள். கடைவீதியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். கஸ்தூரி அடுக்களைக் கதவை ஒட்டி நின்றாள். நான் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு போடுவாள், வெந்நீர் வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். பரிசத்தில் பெண்ணைப் பெற்றவன் சபையில் வாய்விட்டுச் சம்மதம் சொன்ன பிறகுதான் தட்டை மாற்றுவார்கள். சபைப் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சுந்தரம், பொண்ணக் குடுக்கச் சம்மதந்தான?"

"சரி" என்றது என் வாய்.

மச்சான் தட்டை எடுக்கக் கையை நீட்டினார். நான் இடது கையால் தொடையில் தட்டினேன். பலமாகத் தட்டியிருக்க வேண்டும், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "லாபம்" என்றேன். "ரெண்டு. மூணு."

"எதை எண்ணுறான்?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேணாம்!"

சின்னத்தாயி மீன் எண்ணெய்க்குக் கத்துகிற அதே ராகத்தில் வந்தது. இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மச்சான் சமாளித்துக்கொண்டு, "வியாதிப் பேச்சு, பொருட்படுத்தாதீங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரியில சரின்னு சொன்னானே, அதுதான் சுந்தரம் பேச்சு. அவன் சரி மாறுமா? வெரசா தட்ட மாத்துங்க, நல்ல நேரம் போகுது" என்றார். சபையில் பலரும் தலையசைத்தார்கள். நான் எந்தச் சொல்லுக்காக உயிரைக் கொடுத்தேனோ அதை வியாதி என்றார்கள், வியாதி சொன்னதை என் பேச்சு என்றார்கள். என்னைக் காப்பாற்ற என்னிடம் இன்னொரு சொல் இல்லை.

அப்போது அக்கா எழுந்து வந்தாள். மச்சான் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"விடுங்க. கஞ்சி சூடா இருக்காடான்னு கேட்டேன், சரின்னான். ஆறிப்போச்சாடான்னு கேட்டேன், அதுக்கும் சரின்னான். அந்த டீச்சரம்மாவும் சொல்லுச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் அவன்கிட்டக் கேட்டேன்."

அக்கா யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு மச்சானும் மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். கஸ்தூரி கதவருகிலிருந்து ஓடி வந்து என் காலடியில் உட்கார்ந்து, என் செத்த கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் காது மட்டும் வாசல் பக்கமே இருந்தது, அக்கா திரும்பி வருகிறாளா என்று.

அவள் வரவில்லை. அந்த மாதம் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவாள். கடைவீதியில், சுந்தரம் சரியே மாறிப்போச்சு, இனி யாரை நம்புறது என்று பேசிக்கொண்டார்கள். கஸ்தூரி தினமும் காலையில் டீச்சர் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு என்னைப் பழக்குவாள். என் வாக்கியத்தை அவள் முடித்துவைக்க மாட்டாள், எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாள். வாயடைத்தவர்களின் வீட்டாருக்கு நான் சொல்லிக்கொள்வது அதுதான். காத்திருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். ஆமாம் என்றால் திருப்பிப் போட்டும் ஒரு தடவை கேளுங்கள்.

ஜூனில் கஸ்தூரி மதுரைக்குப் புறப்பட்டாள். போடி ஸ்டேஷனில் அவளை ஏற்றிவிட நான் கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். நல்லா படி ஆத்தா என்று சொல்ல ஒரு வாரமாகப் பழகி வைத்திருந்தேன். வண்டி நகரும்போது, "போயிட்டு வர்றேம்ப்பா" என்றாள். என் வாயில் வந்தது "சரி". அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கடைவீதிச் சரிதான!" என்று கத்திச் சிரித்தாள்.

வண்டி போனதும் பிளாட்பாரம் காலியாகிவிட்டது. வீட்டில் இனி யாருமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பினேன். வேப்பமரத்தடியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. கஸ்தூரிக்குக் கொடுக்கக் கொண்டுவந்து, கிட்டே வராமல் நின்றுவிட்டாள் போலிருக்கிறது. நாங்கள் நாலு மாதத்துக்கு மேலாகப் பேசவில்லை. அவளும் கிழவியாகிப்போயிருந்தாள். என் கம்பையும் காலையும் பார்த்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போறியா?"

"சரி."

அக்கா என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இது எந்தச் சரிடா?"

நான் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொடையில் தட்டினேன். லாபம். ரெண்டு. மூணு. அவள் காத்திருந்தாள். பிளாட்பாரத்தில் கூலிக்காரர் ஒருவர் மூட்டையை இழுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார். அவர் போய் மறைந்த பிறகும் அவள் காத்திருந்தாள்.

"பசிக்குதுக்கா" என்றேன்.